ஆலோசனை சொல்லாமல் அருகில் இருத்தல்

உளநாடகமும் குழுமுறைகளும்: வதிவிடப் பயிற்சியில் கற்றவை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய கருத்தரங்கொன்றில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, குருதியமுக்கம், முழங்கால் நோ ஆகியவற்றில் ஏதாவதொன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்ன முழங்கால் நோ இந்த உரையிலும் ஓரிடத்தில் வரும். ஆனால் நான் பேச எடுத்துக்கொண்டது உளநாடகம் என்னும் முறையையும், அதனை வதிவிடப் பயிற்சியில் தங்கியிருந்து கற்றபோது எனக்குக் கிடைத்த சில தெளிவுகளையும் பற்றியது. இறுதியில் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்களும் உண்டு.

முதலில் சொற்களை விளக்கிவிடுகிறேன். ஒரே வகையான துன்பமோ தேவையோ உள்ள பலரை ஒன்றாக இருத்தி, ஒருவர்க்கொருவர் துணையாகும்படி வழிநடத்துவதைக் குழுமுறை என்கிறோம். அந்தக் குழுவுக்குள் ஒருவர் தன் வாழ்க்கையின் ஒரு கணத்தை வாயால் விபரிப்பதோடு நில்லாமல், மற்றவர்களின் உதவியுடன் நடித்துப் பார்ப்பது உளநாடகம். இதற்கு எழுதப்பட்ட பிரதி கிடையாது. ஒத்திகை கிடையாது. வெளியிலிருந்து பார்வையாளர் வருவதில்லை. ஒருமுறை நடந்த காட்சி மறுமுறை மேடையேறுவதுமில்லை.

வைத்தியர்களுக்கு இது புதிய விடயமல்ல. 1905 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் ஜோசப் பிராற் என்ற வைத்தியர், சனற்றோரியத்துக்குப் போக வசதியற்ற காசநோயாளரை வாரம் ஒருமுறை வகுப்பாகக் கூட்டினார். ஓய்வு, உணவு, தூய காற்று ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பதே அவரது நோக்கம். அவர்களோ ஒருவரையொருவர் பார்த்து, ஒருவர் நிறை கூடியதைக் கேட்டு மற்றவர் மகிழ்ந்து, தைரியம் பெற்றார்கள். குழுவாகச் சிகிச்சை அளித்த வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் எழுதப்படுகிறது.

உளநாடகத்தைத் தோற்றுவித்தவர் ஜேக்கப் லெவி மொரேனோ. 1889 இல் புக்கரெஸ்ற் நகரில் பிறந்து வியன்னாவில் வளர்ந்து வைத்தியரானவர். அவரது வாழ்க்கையில் இரண்டு நிகழ்வுகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்று அகதிமுகாம் சம்பந்தப்பட்டது. மற்றது ஒரு பெண்கள் பாடசாலை சம்பந்தப்பட்டது. இரண்டும் எங்களுக்கு அந்நியமானவை அல்ல.

முதலாம் உலகப்போர்க் காலத்தில், இத்தாலிய எல்லைப் பகுதியிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட மக்கள் வியன்னாவுக்கு அண்மையில் மிற்றர்ன்டோர்ஃப் என்ற இடத்து முகாமில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். இளைஞரான மொரேனோ அங்கே பணியாற்றினார். உணவும் கூரையும் இருந்தும் மக்கள் ஏன் ஒருவரோடொருவர் மோதிக்கொள்கிறார்கள் என்று அவர் கவனித்தார். யாரோடு யார் வாழ விரும்புகிறார்கள் என்று எவரும் கேட்காமலே மக்களை அடுக்கிவைத்திருந்தார்கள். விருப்பத்தைக் கேட்டுக் குடும்பங்களை அமர்த்தலாம் என்று 1916 இல் அவர் அரசுக்குக் கடிதம் எழுதினார். 2009 இல் செட்டிகுளத்து நலன்புரி நிலையங்களில் முன்பின் அறியாத குடும்பங்கள் ஒரே கூடாரத்துக்குள் இருந்ததைக் கண்டவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தின் பெறுமதியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மற்றது பாடசாலைக் கதை. மொரேனோ 1925 இல் அமெரிக்கா சென்றார். நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், நீதிமன்றங்கள் அனுப்பிவைத்த பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையொன்று இருந்தது. 1932 இல் இரு வாரங்களுக்குள் 14 பிள்ளைகள் அங்கிருந்து ஓடிப்போனார்கள். ஒவ்வொரு பிள்ளையிலும் தனித்தனியே குற்றம் தேடுவதுதான் வழமை. மொரேனோவும் அவருடன் பணியாற்றிய ஹெலன் ஜெனிங்ஸும் விடுதிப் பிள்ளைகளிடம் எளிமையான கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இல்லத்தில் யாரோடு வாழ விரும்புகிறாய்? சாப்பிடும்போது யார் அருகில் இருக்க விரும்புகிறாய்? பதில்களைக் கோடுகளாக வரைந்தபோது, வெவ்வேறு இல்லங்களில் இருந்த பிள்ளைகளுக்கிடையே எவர் கண்ணுக்கும் தெரியாத உறவுச் சங்கிலி இருப்பது தெரிந்தது. ஒரு பிள்ளை ஓட, அந்தச் சங்கிலி வழியே மற்றவர்களும் ஓடியிருந்தார்கள். விருப்பங்களுக்கேற்ப இல்லங்களை மாற்றி அமைப்பதே அவர்கள் கண்ட பரிகாரம். எங்கள் விடுதியில் இருந்து படித்தவர்கள் இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. யார் பக்கத்தில் யாருடைய கட்டில் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று நீங்கள் அறிவீர்கள்.

1936 இல் நியூயோர்க்கிலுள்ள பீக்கன் என்ற ஊரில் மொரேனோ ஒரு வைத்தியசாலையை ஆரம்பித்தார். அங்கே உளநாடகத்துக்கென்றே மேடை அமைந்தது. அவரது மனைவி சேர்க்கா மொரேனோ இந்த முறையை வளர்த்தெடுத்து, 1974 இல் கணவர் காலமான பின்னரும் பல நாடுகளுக்குச் சென்று பயிற்றுவித்தார். 2016 இல் 99 வயதில் அவர் காலமானார். இன்று உலகெங்கும் நடைபெறும் பயிற்சிகள் இந்த இருவரின் வழியில் வந்தவை.

இனி, நான் ஏன் இதைக் கற்கப் போனேன் என்பதற்கு வருகிறேன். மனநலக் கிளினிக் நாட்களில் காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசை நிற்கும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் அது பெரிய விடயம். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டுத் துண்டு எழுதிக் கொடுப்போம். மருந்து தேவைப்படுவோருக்கு மருந்து அவசியம். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் என் அறைக்குள் ஐந்து நிமிடம் இருந்தவர்கள், வெளியில் வாங்கில் மூன்று மணித்தியாலம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார்கள். அந்த வாங்கில் நடந்த கதை சில நாட்களில் என் அறைக்குள் நடந்ததைவிட ஆழமானது. தாதியர் இதை எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்த வாங்கில் நடப்பதை முறையாகக் கற்க ஓர் இடம் உண்டா என்று தேடித்தான் போனேன்.

தென்னிந்தியாவில் மலைப்பகுதியொன்றில் நடைபெற்ற மூன்று வதிவிடப் பயிற்சிகளில் இதுவரை பங்குபற்றியுள்ளேன். ஒவ்வொன்றும் ஐந்து நாட்கள். ஏறத்தாழ பதினாறு பேர்: ஆசிரியர்கள், தாதியர், சமூகப் பணியாளர்கள், ஒரு அருட்சகோதரி, அரங்கில் ஈடுபட்ட சிலர். பொதுமொழி ஆங்கிலம். குறிப்புப் புத்தகத்தோடு போன எனக்கு முதல் நாள் காலையிலேயே அதற்கு வேலையில்லை என்று விளங்கிவிட்டது. கதிரைகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார்கள்.

தொடக்கத்தில் உடலையும் மனதையும் ஆயத்தப்படுத்துவார்கள். அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைக்கச் சொல்வார் பயிற்றுநர். ஒரு முனை 'இங்கே இருக்க மிகவும் விருப்பம்', மறு முனை 'இப்பொழுதே வீட்டுக்குப் போக விருப்பம்'. நடந்து போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள் என்பார். வாயால் கேட்டால் எல்லோரும் மகிழ்ச்சி என்றே சொல்லியிருப்போம். கால் பொய் சொல்லத் தயங்குகிறது. அடுத்து அறையே ஒரு தேசப்படமாகும். பிறந்த ஊரில் போய் நில்லுங்கள் என்றதும் பதினைந்து பேர் ஒரு பக்கம் நெருக்கமாக நின்றார்கள். நான் கடலைத் தாண்டி மூலையில் தனியே நின்றேன். பிறகு இன்னொரு கேள்வி: நாளை ஒரு கடினமான செய்தி வந்தால் இங்குள்ளோரில் யாரிடம் முதலில் சொல்வீர்கள்? அவர் தோளில் கையை வையுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தக் குழுவின் உறவுச் சங்கிலி கண்முன்னே தெரிந்தது. எவர் தோளில் பல கைகள், எவர் தோளில் ஒன்றுமில்லை என்பதும் தெரிந்தது. கை விழாதவரைப் பற்றிப் பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பயிற்சியை அவருக்கு ஒரு துணை கிடைக்கும்படி அமைத்தார். அதையும் நான் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன் பின்னரே காட்சி. உளநாடகத்துக்கு ஐந்து அம்சங்கள் வேண்டும்: கதைக்குரியவர், அவரை வழிநடத்தும் இயக்குநர், அவரது வாழ்க்கையில் உள்ளவர்களாக நிற்கும் துணைப்பாத்திரங்கள், சூழ இருக்கும் குழு, மேடையாகும் ஒரு வெளி. பல உத்திகள் உண்டு; மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒருவர் கதைக்குரியவரின் பின்னால் நின்று, அவர் சொல்ல முடியாமல் விழுங்குவதை அவரது குரலாகச் சொல்வார். அது பொருந்தினால் அவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார்; பொருந்தாவிட்டால் திருத்துவார். கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதே. இரண்டாவது கண்ணாடி. தன் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று தன்னையே பார்ப்பது. மூன்றாவது இடம் மாறுதல். மகள் தாயின் கதிரையில் இருந்து தாயாகப் பேசுவது. மூன்றிலும் ஆழமானது இதுவே.

அங்கே மற்றவர்கள் நடித்த காட்சிகளை நான் இங்கே சொல்ல முடியாது. குழுவில் நடந்தது குழுவோடு இருக்கும் என்பது முதல் நாளிலேயே எல்லோரும் கொடுக்கும் வாக்கு. எனது காட்சியைச் சொல்ல மட்டும் எனக்கு உரிமை உண்டு.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. என் வகுப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த இரவைப் பற்றி ஒரு கதை உண்டு. எங்கள் அம்மம்மா வர மறுத்துவிட்டார். "நீங்கள் போங்கோ, மாட்டையும் வீட்டையும் பாத்துக்கொண்டு நான் இருக்கிறன்" என்று படலையில் நின்று சொன்னார். எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அவர் இருந்தார், மாடு இல்லை. அந்த மாதங்களைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது வதிவிடப் பயிற்சியில் இந்தக் காட்சியை எடுத்தோம். அம்மம்மாவாக நிற்க ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். தமிழே தெரியாத ஒரு தாதியைத் தெரிவுசெய்தேன். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகும் விதம் காரணம். படலை எங்கே, கிணறு எங்கே, முருங்கை எங்கே என்று நானே தரையில் காட்டி வைத்தேன். "உங்கள் மொழியில் பேசுங்கள்" என்றார் பயிற்றுநர். "ஏனம்மம்மா எங்களோட வரேல்லை?" என்று கேட்டேன். உடனே இடம் மாறச் சொன்னார்கள். நான் படலைக்கு உள்ளே போய் நின்றேன். கையில் மாட்டுக் கயிறு. பேர்த்தி எதிரே நிற்கிறாள், அவளுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பயிற்றுநர் கேட்டார். நான் எதையும் யோசிக்கவில்லை. வாயில் வந்தது இதுதான்: "எனக்கு நடக்கேலாது பிள்ளை. உங்களை மறிச்சுப்போடுவன் எண்டு பயம். அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் மாட்டைச் சொன்னனான்."

அம்மம்மாவுக்கு முழங்கால் நோ இருந்தது. ஒவ்வோர் இரவும் எண்ணெய் பூசிவிடுவது என் வேலை. ஆகவே என் கைகளுக்கு அந்தச் செய்தி முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிறகு மீண்டும் என் இடத்துக்கு வந்தேன். தமிழறியாத அந்தத் தாதி, தான் கேட்ட ஒலிகளை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்புப் பிழையோடு வந்த அந்த வார்த்தைகளைக் கேட்டு நான் அழுதேன்.

அம்மம்மா உண்மையிலே அப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. உளநாடகத்தில் கிடைப்பது சாட்சியம் ஆகாது. நடந்ததைத் துப்பறியும் கருவியாக அதனை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. மாறியது என் உள்ளத்தில் இருந்த படம். அம்மம்மாவை விட்டுவந்த நாளாக இருந்த ஒக்ரோபர் 30, அவர் எங்களை அனுப்பிவைத்த நாளாயிற்று. அதற்குப் பிறகு அந்தத் திகதி எனக்குப் பாரமாக இல்லை.

காட்சி முடிந்ததும் துணைப்பாத்திரமாக நின்றவர் "நான் உங்கள் அம்மம்மா இல்லை" என்று தன் பெயரைச் சொல்லி, உடலை உதறிப் பாத்திரத்திலிருந்து விடுபடுவார். பிறகு எல்லோரும் வட்டமாக இருப்போம். இதுதான் மூன்றாவது கட்டமான பகிர்வு. இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எவரும் ஆலோசனை சொல்லக்கூடாது. ஆராயக்கூடாது. தீர்ப்புக் கூறக்கூடாது. கதைக்குரியவரிடம் கேள்வியும் கேட்கக்கூடாது. உங்கள் காட்சியைப் பார்த்தபோது என் வாழ்க்கையில் எது நினைவுக்கு வந்தது என்று மட்டும் சொல்லலாம். எனக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன். எதைச் சொல்லவில்லை என்பதைச் சொல்லலாம். "நீங்கள் அப்போது சின்னப்பிள்ளைதானே" என்று எவரும் சொல்லவில்லை. "இனிக் கவலைப்படாதீர்கள்" என்றும் சொல்லவில்லை. பதினைந்து பேரும் தங்கள் வாழ்க்கையில் ஒவ்வொரு துண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்கள். காட்சியில் திறந்துகாட்டிய ஒருவரை அந்த அறையில் தனியே நிற்கவிடக்கூடாது என்பதற்காகவே மொரேனோ இந்தக் கட்டத்தை வைத்தார்.

நண்பிகளே, ஐந்து நாட்களிலும் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த விதிதான். நான் வைத்தியர். ஆலோசனை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கல்லூரியும் எங்களை வகுப்புத் தலைவிகளாகவும் மாணவ முதல்விகளாகவும் மற்றவர்களை வழிநடத்தத்தான் பழக்கியது. எங்கள் சமூகத்தில் துன்பப்பட்டவரைக் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும்: "திடமா இருக்கவேணும்", "பிள்ளையளுக்காகவாவது எழும்பவேணும்", "எல்லாம் விதி". அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் அந்த நேரமே கதவைச் சாத்திவிடுகிறார். அவரது துன்பத்தை எங்களால் தாங்க முடியவில்லை என்று அவருக்கு விளங்கிவிடுகிறது.

இது வெளிநாட்டிலிருந்து வந்த ஞானம் என்று எண்ணவேண்டாம். எங்கள் செத்தவீடுகளில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுத காலத்தை மூத்தவர்கள் அறிவீர்கள். அயல்வீட்டுப் பெண் வந்து, இறந்தவரைச் சொல்லி அழத் தொடங்கி, சிறிது நேரத்தில் தான் இழந்த தாயையோ மகனையோ சொல்லி அழுவார். அதை யாரும் பிழையாக எடுக்கவில்லை. அது ஆலோசனை கலவாத பகிர்வு. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று நாட்களைக் குறித்து மீண்டும் மீண்டும் கூடியதும் ஒரு குழுமுறையே. ஒப்பாரியை நாகரிகக் குறைவு என்று கைவிட்டோம். அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. போர்க்காலத்தில் சடங்கே செய்யமுடியாமற்போன மரணங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மண்ணில் அரங்கையும் உளநலத்தையும் இணைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் 'மண் சுமந்த மேனியர்' 1985 இலும், போரின் உளப்பாதிப்பைப் பொருளாகக் கொண்ட 'அன்னை இட்ட தீ' 1991 இலும் மேடையேறின. உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்கள் 'மனவடு' என்ற நூலைத் தமிழிலே தந்து, தனியாளின் காயத்தோடு சமூகத்தின் காயத்தையும் பார்க்க எங்களுக்குக் கற்பித்தார். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுடன் விளையாட்டையும் கதையையும் கொண்டு பணியாற்றியது. ஆகவே நாங்கள் வெறுந்தரையில் தொடங்கவில்லை.

இதையெல்லாம் பயிற்சி பெறுவோர் ஏன் தங்கியிருந்து கற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இணையவழியில் முடியாதா? தையல் போடுவதைப் புத்தகத்தில் படித்து ஒரு வைத்தியர் கற்க முடியாது, இதுவும் அப்படித்தான். தன் காட்சியைத் திறந்து பார்க்காதவர் மற்றவர் காட்சியை வழிநடத்தினால் எங்கே நிறுத்துவதென்று அவருக்குத் தெரியாது. அத்தோடு, பகலில் திறந்த ஒன்று மூடுவதற்கு ஓர் இரவு வேண்டும். மதியம் விம்மி அழுதவர் இரவுச் சாப்பாட்டில் உங்களுக்குச் சாம்பார் பரிமாறுவார். அடுத்த நாள் காலை குளியலறை வரிசையில் பகிடி விடுவார். அழுததால் தான் உடைந்துபோகவில்லை என்று அவரும் காண்கிறார், குழுவும் காண்கிறது. ஒரு மணித்தியால வகுப்பில் இது கிடைக்காது.

திரும்பி வந்தபின், சமூக மனநலப் பணியாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்துப் பெண்களுடன் ஒரு குழுவை நடத்துகிறோம். முழு உளநாடகம் அங்கே செய்வதில்லை. ஆயத்தப் பயிற்சியும் பகிர்வும் மட்டுமே. அவர்களின் அனுமதியோடு ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் மிக நாளாக வைத்திருக்கும் ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள் என்று ஒருநாள் கேட்டிருந்தோம். பத்துப் பேரில் மூன்று பேர் திறப்புக் கொண்டுவந்தார்கள். மூன்று திறப்புக்கும் இன்று கதவு இல்லை. ஒருவர் மற்றவரின் திறப்பைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். அன்று நாங்கள் இருவரும் பேசியது மிகக் குறைவு.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்லவேண்டும். உளநாடகத்தில் வெறுங்கதிரை என்றொரு உத்தி உண்டு. இல்லாத ஒருவர் அதில் இருப்பதாக எண்ணிப் பேசுவது. பார்க்க எளிதாக இருப்பதால் பலர் ஒருநாள் பட்டறைகளில் இதைச் செய்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு அப்படிச் செய்வதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்தக் கதிரையில் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா? பிரியாவிடை சொல்லுங்கள் என்று ஒரு தாயிடம் கேட்டால், மகனின் மரணத்தை நாங்களே தீர்மானித்தவர்களாகிறோம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து கேட்கும் தாய்மாரின் கேள்விக்கு உண்மையும் நீதியும்தான் பதில். எந்தச் சிகிச்சைமுறையும் அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது. தெளிவற்ற இழப்பு என்று பௌலின் போஸ் என்ற அறிஞர் இந்த நிலைக்குப் பெயரிட்டார். இருக்கிறாரா இல்லையா என்ற இரண்டையும் ஒருங்கே சுமப்பவருக்கு, அந்த இரண்டையும் ஒருங்கே கேட்கக்கூடிய ஒரு குழுவே துணை.

அதேபோல, தற்கொலை எண்ணத்தின் நடுவில் இருப்பவரையும் கடும் உளநோய் தீவிரமாக உள்ளவரையும் காட்சிக்குள் இறக்கக்கூடாது. கடும் அதிர்ச்சிக்கு ஆளானவரிடம் நடந்ததை அப்படியே நடித்துக்காட்டச் சொல்வது காயத்தை மீண்டும் கீறுவது. கேற் ஹட்ஜின்ஸ் போன்றோர், முதலில் அவரைத் தாங்கிநின்ற பலங்களை மேடையில் கொண்டுவந்து நிறுத்திய பின்னரே துன்பத்தை அணுகும் முறையை வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உளநாடகச் சான்றிதழுக்குக் குறைந்தது 780 மணித்தியாலப் பயிற்சி கேட்கிறார்கள். மூன்று வதிவிடப் பயிற்சிகளிலும் எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 100 மணித்தியாலம். ஆகவே நான் இன்னும் மாணவி. இந்த மண்டபத்தில் அந்தச் சொல்லைச் சொல்வது எனக்கு மகிழ்ச்சியே.

இனி என் வேண்டுகோள்கள் இரண்டு.

முதலாவது பணம் சம்பந்தப்பட்டது. நூற்றாண்டை முன்னிட்டு உங்கள் கிளைகள் கல்லூரிக்குத் தாராளமாக உதவுகின்றன. மாணவிகளின் உளநலத்துக்கு என்று ஒருநாள் கருத்தரங்குகளுக்கும் உதவ முன்வருகிறீர்கள். பேச்சாளர் வருவார், பேசுவார், புகைப்படம் எடுப்போம், போய்விடுவார். அடுத்த திங்கட்கிழமை ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அவளைக் கேட்க யார் இருக்கிறார்? அந்தப் பணத்தைச் சேர்த்து, எங்கள் ஆசிரியைகள் இருவரைப் படிப்படியாகச் சில ஆண்டுகளுக்கு வதிவிடப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு மேற்பார்வை தரும் அனுபவசாலி ஒருவரையும் ஒழுங்கு செய்யுங்கள். கட்டடம்போல இது கண்ணுக்குத் தெரியாது, பெயர்ப்பலகையும் வைக்க முடியாது. ஆனால் அந்த இருவரும் இங்கே கற்பிக்கும் காலம் முழுவதும் அதன் பயன் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது வேண்டுகோளுக்குப் பணம் தேவையில்லை. லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்பு என்று நீங்கள் கூடும்போது இராப்போசனமும் கலைநிகழ்ச்சியும் நடக்கட்டும். அதற்கு முன் ஒரு மணித்தியாலம், எட்டுப் பத்துப் பேராக வட்டமாக இருங்கள். காட்சி நடிக்க வேண்டாம். அதற்குப் பயிற்சி வேண்டும். "இந்த வருடம் எனக்குப் பாரமாக இருந்தது எது" என்று விரும்பியவர் சொல்லட்டும். விரும்பாதவர் பேசாமல் இருக்கட்டும். கேட்டவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்லட்டும். ஆலோசனை மட்டும் வேண்டாம். கேட்டதை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். எங்களில் பலர் விவாகரத்தை, பிள்ளையின் நோயை, கணவரின் குடியை, முதியோர் இல்லத்தில் விட்ட தாயை, வெளிநாட்டுக் குளிரில் தனியே சுமந்துகொண்டு, சங்கக் கூட்டத்துக்கு மட்டும் பட்டுச்சேலையோடு வருகிறோம். ஹட்சன் பிள்ளைகளைப்போல எங்களுக்கிடையிலும் கண்ணுக்குத் தெரியாத சங்கிலி ஒன்று இருக்கிறது. அங்கே அதன் வழியே ஓடிப்போனார்கள். நாங்கள் அதன் வழியே ஒருவரிடம் ஒருவர் வரலாம்.